பாலியல் வன்கொடுமை நடந்தது என்று ஒரு பெண் உங்களிடம் வந்து சொன்னால்: முதல் பத்து நிமிடத்திலிருந்து ஆறு மாதம் வரை செய்ய வேண்டியவை

போன வருடம் ஒரு இரவு, எட்டே முக்கால் மணி இருக்கும். எனக்குத் தங்கை முறை வரும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். "அக்கா, ஒன்னு சொல்லணும்" என்று உட்கார்ந்தவள், அரை மணி நேரம் பஸ் கூட்டத்தைப் பற்றியும் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றியும் பேசினாள். போட்டுக் கொடுத்த காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. துப்பட்டா நுனியை ஆள்காட்டி விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அப்புறம் சொன்னாள். தெரிந்தவன்தான். முந்தின நாள் சாயங்காலம்.

நான் கேட்ட முதல் கேள்வி, "அந்த நேரத்துல அங்க ஏன்டி போன?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பதற்றத்தில் கேட்டேன். ஆனால் அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது. "ஒண்ணுமில்லக்கா, விடுங்க" என்றாள். மறுபடி அவள் வாய் திறக்கும்போது இரவு பன்னிரண்டரை. மறுநாள் முதலில் போன மருத்துவமனையில் "போலீஸ் லெட்டர் இல்லாம பார்க்க மாட்டோம்" என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்து போன காவல் நிலையத்தில் ஒரு ரசீதை நீட்டி, புகார் பதிவாகிவிட்டது என்று நம்ப வைத்தார்கள். எது சட்டம், எது சாக்கு என்று எங்களுக்குத் தெரியாததால்தான் இவ்வளவு அலைச்சல். உங்களுக்கு அது வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

அவளிடம் கேட்டு, அவள் படித்துப் பார்த்த பிறகே இதை வெளியிடுகிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டமும் நடைமுறையும் தமிழ்நாட்டில் உள்ளபடி.

## 1. முதல் பத்து நிமிடம்: கேள்வி கேட்காதீர்கள்

சொல்ல வேண்டியது மிகக் குறைவு.

"நீ சொல்றத நம்புறேன்."
"இது உன் தப்பு இல்லம்மா."
"எங்கிட்ட சொன்னது நல்லது. நான் கூட இருக்கேன்."

இவ்வளவு போதும். மீதி நேரம் கேட்டுக்கொண்டிருங்கள். டி.வி.யை அணையுங்கள், ஃபோனைக் கவிழ்த்து வையுங்கள், குழந்தைகளைப் பக்கத்து அறைக்கு அனுப்புங்கள். கட்டிப்பிடித்துத் தேற்ற வேண்டும் என்று கை பரபரக்கும். தொடுவதற்கு முன் கேளுங்கள். அப்போதைய நிலையில், பாசமாக வைத்தாலும் ஒரு கை தோளில் விழுவதை அவள் உடம்பு தாங்காமல் போகலாம். நான் கேட்காமல் தலையைத் தடவினேன், அவள் சுவரோடு ஒதுங்கினாள்.

நம் வாயில் தானாக வந்துவிடும் சில வார்த்தைகள் உண்டு. அவற்றை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டால் அடக்கிக்கொள்ளலாம்.

"ஏன் கத்தல?" பயத்தில் உடம்பு கல்லாகச் சமைந்துபோவது மிகச் சாதாரணமாக நடப்பது. கத்தவில்லை, தள்ளிவிடவில்லை என்பதற்குச் சம்மதம் என்று பொருள் இல்லை. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது.

"முன்னாடி வேற மாதிரி சொன்னியே?" அதிர்ச்சியில் நினைவு துண்டுதுண்டாகத்தான் வரும். முதலில் அவன் சட்டை நிறம் வரும், நேரம் வராது. மறுநாள் நேரம் வரும். நீங்கள் குறுக்கு விசாரணை செய்ய உட்காரவில்லை.

"வெளிய தெரிஞ்சா உன் கல்யாணம் என்னாகும்?" இதை அவள் இங்கே வரும் வழியெல்லாம் நூறு முறை யோசித்துவிட்டுத்தான் வந்திருப்பாள்.

"அவன வெட்டிப் போட்டுடுறேன்." இதை அண்ணன்மாரும் அப்பாக்களும் சொல்வார்கள். கேட்க ஆறுதலாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அந்த நொடியிலிருந்து அவள் தன் வலியை விட்டுவிட்டு உங்களைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவாள். அதோடு, "எவன்னு சொல்லு" என்று நீங்கள் நெருக்கினால் அடுத்த முறை எதையும் சொல்ல மாட்டாள்.

நான் முதலில் தவறாகக் கேட்டுவிட்டேன் என்றேனே, அதைச் சரிசெய்யவும் முடியும். இரவு பதினொன்றுக்கு அவளிடம் போய், "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நீ எங்க போயிருந்தாலும் அது தப்பு இல்ல" என்றேன். உடனே பதில் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து அவளாகவே தொடர்ந்தாள். நீங்களும் ஏற்கெனவே யாரிடமாவது இப்படிக் கேட்டிருந்தால், ஒரு வருடம் ஆகியிருந்தாலும் போய்ச் சொல்லலாம்.

சொன்னது ஓர் ஆணாகவோ திருநங்கையாகவோ இருந்தாலும் இந்தப் பத்து நிமிடம் ஒன்றேதான். "ஆம்பளைக்கா?" என்ற ஒற்றைக் கேள்வியில் எத்தனையோ பேர் வாழ்நாள் முழுக்க வாயை மூடியிருக்கிறார்கள்.

## 2. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யும் முன் வயதைப் பாருங்கள்

சொல்பவருக்கு 18 வயது நிரம்பியிருந்தால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. உங்களுக்கு அதில் ஆலோசனை சொல்லும் இடம் உண்டு, தீர்மானிக்கும் இடம் இல்லை.

18 நிரம்பாத பிள்ளை என்றால் நிலைமை வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் எவரானாலும் காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், சொந்த அம்மா, யாருக்கும் விலக்கில்லை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்ற வேறுபாடும் இந்தச் சட்டத்தில் கிடையாது.

ஆகவே பிள்ளையிடம் பொய்ச் சத்தியம் செய்யாதீர்கள். "இத சரிபண்ண இன்னும் ரெண்டு பெரியவங்க வேணும். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட முன்னாடியே சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லுங்கள். 1098-ஐ அழைத்தால் குழந்தைகளுக்கான உதவி கிடைக்கும். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும், வருகிற அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இவையும் அதே சட்டத்தில் இருக்கின்றன.

## 3. எப்போது நடந்தது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்

விவரம் வேண்டாம் என்றேன். இரண்டு விஷயம் மட்டும் கேட்டுத்தான் ஆக வேண்டும். "இப்ப நீ பத்திரமா இருக்கியா, அவன் உன் இடத்துக்கு வர முடியுமா?" என்பது ஒன்று. "எப்ப நடந்துச்சு?" என்பது இன்னொன்று.

ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்றால் 112. பேசவும் தங்கவும் இடம் வேண்டும் என்றால் 181, பெண்கள் உதவி எண். இது இரவிலும் எடுக்கிற எண். 181-இல் சொன்னால் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைத்துவிடுவார்கள். சகி மையம் என்றும் சொல்வார்கள். மருத்துவம், காவல், வக்கீல், ஆலோசனை எல்லாவற்றுக்கும் அங்கே ஒருவர் கூட வருவார், ஐந்து நாள் வரை தங்கவும் இடம் உண்டு, செலவில்லை. முதல் நாளே இந்த மையத்தை அழைத்திருந்தால் எங்கள் அலைச்சலில் பாதி இருந்திருக்காது.

நேரம் ஏன் முக்கியம் என்றால், சில மருந்துகளுக்கு 72 மணி நேரம்தான் கெடு. புகாரைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம். மருந்துக்கு அந்த அவகாசம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. "போலீஸுக்குப் போறதா இல்லையான்னு முடிவு பண்ணிட்டு டாக்டர்கிட்ட போவோம்" என்று வீட்டில் பேசிப் பேசியே மூன்று நாள் ஓடிவிடும். அவளிடம் பிரித்துச் சொல்லுங்கள்: "இப்ப டாக்டர்கிட்ட மட்டும் போவோம். மத்தது அப்புறம்."

## 4. குளிப்பதற்கு முன், துவைப்பதற்கு முன்

உடனே குளிக்க வேண்டும் என்றுதான் தோன்றும். அவள் காத்திருக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். எங்கள் வீட்டுப் பெண் எனக்குச் சொல்வதற்கு முன்பே இரண்டு தடவை தலைக்குக் குளித்து, போட்டிருந்த சுடிதாரை ஊறவைத்து அலசிக் காயப்போட்டிருந்தாள். "எல்லாம் போச்சே" என்று நான் உள்ளுக்குள் நினைத்தது தவறு. காயங்கள் இருந்தன, ஃபோன் செய்திகள் இருந்தன. துவைத்த துணியைக்கூடக் கேட்டு வாங்கினார்கள்.

துணி இருந்தால் துவைக்காமல், ஈரம் இருந்தால் நிழலில் உலரவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது. உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். ஜவுளிக்கடைக் காகிதப் பையோ சுத்தமான செய்தித்தாளோ போதும்.

ஃபோனில் வாட்ஸ்அப் உரையாடல், அழைப்புப் பட்டியல், படம், குரல் பதிவு எதையும் அழிக்க வேண்டாம். அருவருப்பில் அவனை பிளாக் செய்து எல்லாவற்றையும் அழித்துவிடத் தோன்றும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி. ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே என்று மூலச் செய்தியை அழித்துவிடவும் கூடாது, நீதிமன்றத்தில் ஃபோனையே கேட்பார்கள். கடையிலோ தெருவிலோ சி.சி.டி.வி. இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும், அதனால் புகார் கொடுக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது அது.

அவள் சொன்னதை நீங்கள் அன்றிரவே ஒரு நோட்டில் தேதி, நேரம் போட்டு எழுதி வையுங்கள், அவள் வார்த்தையிலேயே, உங்கள் ஊகம் கலக்காமல். ஆனால் ரெக்கார்ட் செய்யாதீர்கள்.

## 5. மருத்துவமனை

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மாவட்டத் தலைமை மருத்துவமனையோ நல்லது. தேவையானதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். கொண்டுபோக வேண்டியவை: மாற்று உடை ஒரு செட், உள்ளாடை உட்பட. போட்டிருப்பதைச் சாட்சிக்காக வாங்கிக்கொண்டால் வீட்டுக்குத் திரும்ப ஏதாவது வேண்டுமே. காகிதப் பைகள், சானிட்டரி நாப்கின், தண்ணீர், பிஸ்கட், சார்ஜர், நோட்டு, பேனா, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய். ஆதார் நகல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டாலும் சிகிச்சை தர மாட்டேன் என்று சொல்லக் கூடாது.

"எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க" என்றோ "போலீஸ் லெட்டர் வேணும்" என்றோ திருப்பி அனுப்பினால் அசையாதீர்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவுப்படி, அரசு ஆனாலும் தனியார் ஆனாலும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. "மறுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். முதல் மருத்துவமனையில் எனக்கு இந்த வாசகம் தெரியாது. தெரிந்திருந்தால் காலை பத்து மணிக்கு அவளை வெயிலில் ஆட்டோவுக்காக நிறுத்தியிருக்க மாட்டேன்.

ஒரு விஷயத்தை அவளிடம் உள்ளே நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள். மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பும், அது அவர்கள் கடமை. அதற்காக அவள் புகார் கொடுத்தே தீர வேண்டும் என்றில்லை. "இப்போது புகார் கொடுக்க விருப்பமில்லை" என்று சொன்னால் அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். சிகிச்சை நிற்காது. இதைச் சொல்லாமல் அழைத்துப்போய், வார்டு வாசலில் திடீரென்று ஒரு காக்கிச் சட்டையைப் பார்த்தால், நீங்கள்தான் ஏமாற்றினீர்கள் என்று நினைத்துவிடுவாள்.

பரிசோதனைக்கு அவள் சம்மதம் வேண்டும். ஒரு பகுதிக்குச் சரி, இன்னொன்றுக்கு வேண்டாம் என்றும் சொல்லலாம். பெண் மருத்துவர் இல்லையென்றால் கூடவே ஒரு பெண் ஊழியர் இருந்தாக வேண்டும், அவள் விரும்புகிறவரும் உள்ளே இருக்கலாம். போலீஸ் அந்த அறைக்குள் இருக்கக் கூடாது. நடந்து 96 மணி நேரம் வரை மாதிரிகள் எடுப்பார்கள். அதற்குப் பிறகு போனாலும் காயங்களைப் பதிவு செய்யவும் சிகிச்சை பெறவும் உரிமை உண்டு. இரு விரல் பரிசோதனை என்பது எங்கேயும் நடக்கவே கூடாது. உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில், அதைச் செய்கிறவர் நடத்தை மீறல் குற்றத்துக்கு உள்ளாவார் என்றே சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் தமிழ்நாட்டில் அதை உடனே தடை செய்யச் சொன்னது.

கேட்டு வாங்க வேண்டிய மருந்துகளைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், மறந்துவிடும்:

கருத்தடுப்பு அவசர மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஐந்து நாள் வரை ஓரளவு பலன் உண்டு. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் விற்கலாம் என்பது விதி. ஆனால் நம் ஊர் மருந்துக் கடைகளில் பாதிக்கு மேல் "அதெல்லாம் வெக்கிறதில்ல" என்பார்கள். நாங்கள் ஐந்து கடை ஏறி இறங்கினோம், ஒருவர் அவள் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். மருத்துவமனையிலேயே வாங்கிவிடுங்கள்.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை. இதற்கும் 72 மணி நேரம்தான், முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் மிக நல்லது. 28 நாள் விடாமல் போட வேண்டும். அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில், இலவசம். குமட்டல் இருக்கும், அதற்காக நடுவில் நிறுத்தக் கூடாது. ராத்திரி வேளையில் மையம் மூடியிருக்கும், காலையில் வாருங்கள் என்றால், அவசரப் பிரிவில் முதல் வேளை மாத்திரையாவது கேளுங்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி, பால்வினைத் தொற்றுக்கான மருந்து. கரு தங்கிவிட்டால், 2021 திருத்தத்துக்குப் பிறகு வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கு 24 வாரம் வரை சட்டப்படி கருக்கலைப்பு செய்யலாம். 18 வயது நிரம்பியவர் என்றால் அவர் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து, அப்பா கையெழுத்து என்று கேட்டால் அது சட்டத்தில் இல்லாதது.

வெளியே வரும் முன் ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடிதடி, விபத்து, வன்கொடுமை எல்லாம் பதிவாகும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரின் எண் அது. பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள். பரிசோதனை அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டுப் பெறலாம்.

நாங்கள் பதினொரு மணிக்கு உள்ளே போய் மாலை ஐந்துக்கு வெளியே வந்தோம். ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு போங்கள். அவள் ஒரே கதையை நான்கு பேரிடம் சொல்ல வேண்டிவந்தது. இரண்டாவது ஆளிடமிருந்து, அவள் அனுமதியோடு, பொதுவான விவரங்களை நான் சொன்னேன். அதில் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

## 6. புகார் கொடுப்பது என்று அவள் முடிவு செய்தால்

எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். "இது எங்க எல்லை இல்ல" என்று சொல்லக் கூடாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையம் பக்கத்தில் இருந்தால் அங்கே போவது நல்லது. எங்கே கொடுத்தாலும் பெண் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

புகாரை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். தேதி, நேரம், இடம், அவன் பெயர் அல்லது அடையாளம், நடந்தது, அடுத்து அவள் என்ன செய்தாள், யாரிடம் எப்போது சொன்னாள். பெரிய தமிழ் வேண்டாம். தெரியாததைத் தெரியாது, நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதலாம். ஊகித்து நிரப்பிய ஒரு நேரம் இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் வந்து நிற்கும். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் நிலைய முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள்.

இப்போது சி.எஸ்.ஆர். பற்றி. புகார் கொடுத்ததும் ஒரு சிறு ரசீது தருவார்கள், எண் போட்டிருக்கும். அதுதான் எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து நாங்கள் எட்டு நாள் சும்மா இருந்தோம். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். வழக்கு அதில் பிறப்பதில்லை. வன்புணர்வு போன்ற கைது செய்யத்தக்க குற்றத்தில் எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. "எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும், இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது" என்று கேளுங்கள். தாளின் தலைப்பில் முதல் தகவல் அறிக்கை என்று இருக்கிறதா, குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

போட மறுத்தால், அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாநகரம் என்றால் ஆணையருக்கு. நாங்கள் அனுப்பிய நான்காம் நாள் நிலையத்திலிருந்தே அழைத்தார்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

அவள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவள், அவன் அப்படியில்லை என்றால் சாதிச் சான்றிதழ் நகலைப் புகாரோடு முதல் நாளே கொடுத்துவிடுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும், விசாரணை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் போகும், அரசு நிவாரணமும் தனியாக உண்டு. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். விட்டுவிடாதீர்கள்.

வன்புணர்வு வழக்கில் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் சொல்லும் இடத்திலோ பெண் அதிகாரி வந்து வாங்க வேண்டும். பெற்றோரோ நெருங்கியவரோ கூட இருக்கலாம். "ஸ்டேஷனுக்கு வாம்மா" என்று தினமும் அலைக்கழிக்க முடியாது. பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு வாக்குமூலம் உண்டு, வக்கீல்கள் இன்னும் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 164 என்றே சொல்வார்கள். உள்ளே நீங்கள் கூடப் போக முடியாமல் இருக்கலாம், அதை முன்பே அவளிடம் சொல்லிவையுங்கள். விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதும், 90 நாளுக்குள் அதன் நிலையை அவளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. நீதிமன்றத்தில் தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகும். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு 2019-இல் தொடங்கி 2025 மே மாதம்தான் தண்டனையில் முடிந்தது.

அவள் இப்போது வேண்டாம் என்றால்? வன்புணர்வுக் குற்றத்துக்குக் காலக்கெடு கிடையாது, தாமதம் மட்டுமே வழக்கைக் கொன்றுவிடாது. தாமதத்துக்குக் காரணத்தைப் புகாரிலேயே எழுதினால் போதும். ஆகவே அவளை நெருக்காதீர்கள். ஏ.ஆர். எண்ணும், காகிதப் பையும், நோட்டும் பத்திரமாக இருக்கட்டும்.

## 7. வக்கீலுக்கும் மற்றதற்கும் பணம்

வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர், அதற்குக் கட்டணம் இல்லை. அவளுக்கென்று தனியாக ஆலோசிக்க ஒரு வக்கீல் வேண்டும் என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். எண் 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவசம், வருமானச் சான்றிதழ் கேட்கக் கூடாது. நிவாரணத் தொகைக்கும் அங்கேதான் மனு. தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் 2018 திட்டத்தில் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய் வரை என்று வகுத்திருக்கிறார்கள். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இடைக்கால நிவாரணம் கேட்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவ அறிக்கை, ஆதார், அவள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குப் புத்தக நகல் வையுங்கள். அப்பா கணக்கைக் கொடுக்காதீர்கள்.

எங்களுக்கு முதல் மாதம் ஆட்டோ, ஜெராக்ஸ், தபால், சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் ஆனது. அவள் இழந்த ஒன்பது நாள் சம்பளம் தனி. அதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், நீங்கள் கேளுங்கள்.

## 8. வீட்டுக்குள்ளேயோ வேலையிடத்திலோ ஃபோனிலோ என்றால்

கணவர் செய்வதை, மனைவிக்கு 18 வயது நிரம்பியிருந்தால், நம் குற்றவியல் சட்டம் இன்னும் வன்புணர்வு என்று ஏற்கவில்லை. ஆனால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் வன்முறைதான். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். அந்த வீட்டிலேயே தங்கும் உரிமை, அவர் நெருங்கக் கூடாது என்ற உத்தரவு, செலவுக்குப் பணம் எல்லாம் கேட்கலாம். "வீட்டை விட்டு வந்துடு" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். கிளம்பும் நேரத்தில்தான் அடி அதிகமாக விழும். முதலில் சான்றிதழ்கள், பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று உங்கள் வீட்டுக்கு வந்து சேரட்டும்.

வேலையிடம் என்றால் உள்ளகப் புகார் குழு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஆறு நகல் வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடமோ, முதலாளியே குற்றம் செய்தவரோ என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. வீட்டு வேலை செய்யும் அக்காக்களும் அங்கே போகலாம்.

படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினால் 1930, சைபர் குற்ற உதவி எண். பணம் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பான்.

## 9. யாரிடம் சொல்வது என்பது அவள் முடிவு

அம்மாவிடம் சொல்லலாமா என்று அவளைக் கேட்காமல் சொல்லாதீர்கள். நல்லெண்ணத்தில் பெரியம்மாவுக்கு ஒரு ஃபோன் போட்டால், சாயங்காலத்துக்குள் நான்கு வாட்ஸ்அப் குழுவில் ஓடும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பெயரைச் சொல்லாமல் தெரு, கல்லூரி, வேலை என்று சொல்லி ஆளை ஊகிக்க வைத்தாலும் அதுவே.

அப்புறம் சமாதானம் பேச வருவார்கள். ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், அவன் சித்தப்பா. பணம் என்பார்கள், கல்யாணம் பண்ணிவைத்துவிடலாம் என்பார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் வெற்றிலைத் தட்டோடு இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவளை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, "பேச எதுவும் இல்ல, ஸ்டேஷன்ல பேசிக்கோங்க" என்று கதவைச் சாத்தினேன். வன்புணர்வு வழக்கை ராஜியாக முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. யார் வந்தார்கள், எப்போது, என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். மிரட்டல் என்றால் அதற்கும் தனிப் புகார்.

## 10. பிறகு வரும் வாரங்கள்

முதல் வாரம் எல்லோரும் இருப்பார்கள். மூன்றாவது வாரம் யாரும் இருக்க மாட்டார்கள், அப்போதுதான் தூக்கம் போகும். தினமும் "எப்படி இருக்க?" என்று கேட்காதீர்கள், பதில் சொல்லிச் சலித்துவிடுவாள். "சாயங்காலம் மார்க்கெட் போறேன், வர்றியா?" என்று கேளுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், நாளை மறுபடி கேளுங்கள். சாக வேண்டும் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் தனியாக விடாதீர்கள். 14416 மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், இரவிலும் எடுப்பார்கள். அந்த எண் உங்களுக்கும்தான். கேட்டுக்கொண்டிருந்தவருக்கும் உறக்கம் கெடும், எனக்குக் கெட்டது. அதற்காக அவள் கதையைத் தோழியிடம் கொட்டாமல் அந்த எண்ணில் கொட்டினேன்.

காலண்டரில் குறிக்க வேண்டியவை: எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை முடியும் 28-ஆம் நாள். மாதவிடாய் தள்ளிப்போனால் உடனே கர்ப்பப் பரிசோதனை. ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும் மறு இரத்தப் பரிசோதனை. ஹெபடைடிஸ் ஊசி ஒன்றாம் மாதம், ஆறாம் மாதம். 60-ஆம் நாளும் 90-ஆம் நாளும் விசாரணை அதிகாரிக்கு ஒரு ஃபோன்.

இதையெல்லாம் அவள் ஃபோனில் அலாரமாக வைக்கும்போது பெயரைப் பார்த்து வையுங்கள். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்ப்பாள், வீட்டில் தம்பி ஃபோனை வாங்கி விளையாடுவான். நாங்கள் மாத்திரைக்கு "பிளவுஸ் அளவு" என்றும், ஊசிக்கு "டெய்லர் கடை" என்றும் பெயர் வைத்தோம்.